கொச்சிக்கு ஒரு நாள்: காரோடு கைடா, கைடு மட்டுமா, ஆட்டோக்காரரே போதுமா?

போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டான். "அண்ணா, அப்பா அம்மாவக் கூட்டிட்டு ஒரு நாள் கொச்சி போய்ட்டு வரலாம்னு இருக்கோம். காரும் கைடும் சேர்த்து ஒருத்தர் தர்றேங்கறார், பதிமூணாயிரம் சொல்றார். குடுக்கலாமா?" என்றான். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பழைய ஊருக்கு நான் நாலு தடவை நாலு விதமாகப் போயிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று நன்றாக அமைந்தது, ஏதோ ஒன்றில் ஏமாந்தேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோவான் என்று எழுதியே வைக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் இருந்துகொண்டு, விடியலில் கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்க நினைக்கிற யாருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒன்று. இங்கே கொச்சி என்று நான் சொல்வது எறணாகுளத்தை இல்லை. துணிக்கடை, மால், மெட்ரோ எல்லாம் எறணாகுளம். பழைய ஊர் காயலுக்கு அந்தப் பக்கம்: கடல் முகத்தில் ஃபோர்ட் கொச்சி, அதன் முதுகோடு ஒட்டி மட்டாஞ்சேரி. ரயிலில் போகிறவர்கள் எறணாகுளம் சவுத், நார்த் என்று இரண்டு ஸ்டேஷன் இருப்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காரா ஆட்டோவா என்று யோசிப்பதற்கு முன்னால் கிழமையைப் பாருங்கள். இதை எந்த டிராவல்ஸ்காரரும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர்களின் 'பரதேசி' (வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுடையது என்று பொருள்) ஜெபாலயம் வெள்ளி மதியத்துக்கு மேல் கிடையாது, சனிக்கிழமை முழுக்கக் கிடையாது, திறந்திருக்கிற நாளிலும் மதியம் இரண்டு மணி நேரம் போல அடைத்துவிடுவார்கள். ஃபோர்ட் கொச்சியில் உள்ள செயின்ட் ஃபிரான்சிஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை ஆராதனை நடக்கும், அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் போய் நிற்பது முறையில்லை. ஆக, நம் ஆட்கள் எல்லோரும் கிளம்புகிற சனிக்கிழமைதான் மோசமான நாள். செவ்வாய், புதன், வியாழன் சுகம். லீவு கிடைக்காது, ஞாயிறுதான் முடியும் என்றால் காலையில் மட்டாஞ்சேரி, சாப்பிட்ட பிறகு ஃபோர்ட் கொச்சி என்று திருப்பிப் போட்டுக்கொண்டால் எதுவும் தப்பாது. இந்த ஒரு விஷயத்தில் கோட்டை விட்டால், பதிமூணாயிரம் கொடுத்தாலும் பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

முதல் தடவை கல்யாணத்துக்கு முன்னால், நண்பர்கள் மூன்று பேரோடு. கைடும் இல்லை, திட்டமும் இல்லை. பாலக்காட்டில் ரயில் ஏறி எறணாகுளத்தில் இறங்கி, படகுத்துறைக்கு நடந்து, அரசுப் படகில் பஸ் டிக்கெட்டைவிடக் குறைந்த காசுக்கு ஃபோர்ட் கொச்சி போய் இறங்கினோம். அந்தப் படகு வரவை இன்றைக்கும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். (இப்போது 2023 முதல் வாட்டர் மெட்ரோ வந்துவிட்டது. ஹைகோர்ட் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஏசி போட்ட படகு, வயதானவர்கள் தடுமாறாமல் ஏறுகிற மாதிரி மிதக்கும் மேடை. பழைய படகின் டீசல் வாசனை மட்டும் இல்லை.) சீன வலைகளைப் பார்த்தோம், வாஸ்கோட காமாவைப் புதைத்த கல்லைப் பார்த்தோம், மீன் வறுவல் சாப்பிட்டோம், மத்தியானத்துக்குள் "அவ்வளவுதானா?" என்று ஆகிவிட்டது. செலவு சல்லிசு. ஆனால் பார்த்த எதுவும் பேசவில்லை. தேவாலயத்துக்குள் இருந்தது மிஞ்சிப்போனால் அஞ்சு நிமிஷம். கம்பி வேலிக்குள் ஒரு கல், பக்கத்தில் ஒரு பலகை, முடிந்தது.

அதே தேவாலயத்தில் பல வருஷம் கழித்து, விஷயம் தெரிந்த ஒருவரோடு முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். 1503இல் மரத்தால் கட்டியது, பிறகு கல்லால் எடுத்துக் கட்டினார்கள், வாஸ்கோட காமா 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இந்த ஊரில் செத்து இங்கேதான் முதலில் அடக்கம் ஆனார், பிற்பாடு எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போனார்கள், ஆகவே நாம் எட்டிப் பார்ப்பது காலிக் குழியை. இது வரைக்கும் பலகையிலும் இருக்கும். பலகையில் இல்லாதது சுவர். ஒரு பக்கச் சுவரில் பதித்திருக்கும் கல்லறைக் கற்கள் போர்ச்சுகீசியருடையவை, எதிர்ச் சுவரில் டச்சுக்காரர்களுடையவை. 1663இல் டச்சுக்காரர்கள் வந்து இவர்களை விரட்டினார்கள், 1795இல் பிரிட்டிஷார் வந்து அவர்களை விரட்டினார்கள், விரட்டினவனும் விரட்டப்பட்டவனும் ஒரே மண்டபத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். மேலே தொங்குகிற துணி விசிறியின் கயிறு சுவரைத் துளைத்து வெளியே போகும். உள்ளே பிரசங்கம் நடக்க, வெளியே வெயிலில் ஒரு ஆள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்திருப்பான். அந்த ஓட்டையைக் காட்டின பிறகுதான் அந்தக் கட்டடம் எனக்குக் கட்டடமாகத் தெரிந்தது. கைடு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் அந்த ஓட்டைதான்.

இரண்டாம் தடவை மனைவியும் மகளும். ரயிலில் போய், படகில் அக்கரை சேர்ந்து, துறையில் இறங்கியதும் ஆட்டோ. "முழுசும் காட்டித் தரேன், ஐந்நூறு குடுத்தா மதி (போதும்)" என்றார் ஓட்டுநர். நல்ல மனிதர், குழந்தைக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தவர், இன்னும் எனக்கு ஓணத்துக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புகிறார். ஆனால் ஐந்நூறு ரூபாய்க்கு நாலு மணி நேரம் ஒரு ஆட்டோ எப்படிக் கட்டுப்படியாகும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். மூன்று கடைகள். "வாங்க வேண்டா, சும்மா அஞ்சு மினிட் உள்ளே போயி வந்தா மதி" என்று ஒவ்வொரு வாசலிலும் கெஞ்சல். ஆள் உள்ளே போனாலே அவருக்கு ஏதோ கூப்பன் கிடைக்கும், பொருள் வாங்கினால் கமிஷன். அது அந்த ஊரில் ஒளிவுமறைவான சங்கதியும் இல்லை. மனைவி ஒரு கடையில் ஏலக்காய் வாங்கினாள், வீட்டுக்கு வந்து கொழிஞ்சாம்பாறைச் சந்தை விலையைச் சொன்னதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நானா வாங்கச் சொன்னேன்?

ஆட்டோவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். மட்டாஞ்சேரிச் சந்துகளுக்குள் கார் போய்த் திரும்புவதற்குள் ஆட்டோ மூன்று இடம் காட்டிவிடும். நடக்க முடியாதவர்களை வாசலுக்கு நேராக இறக்கும். பஜார் ரோட்டில் பழைய மிளகு, சுக்கு கிட்டங்கிகளின் வாசனை கார்க் கண்ணாடிக்குள் வராது, ஆட்டோவில் மூக்கில் அறையும். முன்கூட்டியே "கடைக்குப் போக மாட்டோம், அதற்கு எவ்வளவு வேண்டுமோ சேர்த்துச் சொல்லுங்கள்" என்று பேசி முடித்தால், இரட்டிப்பாகக் கேட்டாலும் கொடுக்கலாம். ஓட்டுநர் வண்டி ஓட்டத் தெரிந்தவர், வழி தெரிந்தவர். அரண்மனைச் சுவரில் இருக்கிற ஓவியத்தில் யார் யார் என்று அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவரும் உள்ளே வரமாட்டார், வெளியே பீடி பிடித்துக்கொண்டு நிற்பார்.

மச்சான் கோவையிலிருந்து பஸ் பேக்கேஜில் ஒரு முறை போய்வந்தார். அதைப் பற்றி எழுத அதிகமில்லை. ஒரே நாளில் கொச்சி, ஆலப்புழா இரண்டும், நாற்பது பேர், ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிஷம், அதில் பத்து நிமிஷம் பாத்ரூம் வரிசை. அவர் போய்வந்தது ஒரு வெள்ளிக்கிழமை என்பதைச் சொன்னால் மிச்சத்தை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

மூன்றாம் தடவைதான் சித்தப்பா மகன் கேட்கிற அதே ஏற்பாடு. மதுரையிலிருந்து மாமனார் மாமியார் வந்திருந்தார்கள், மாப்பிள்ளை சிக்கனம் பார்த்தார் என்ற பேச்சு வரக் கூடாது என்று, காரும் கைடும் எல்லாம் சேர்த்துத் தனி டூராகப் போட்டேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். விடியற்காலை அஞ்சு மணிக்கு வாசலில் இன்னோவா, முன் சீட்டில் கைடு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. மாமனாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கைடு வடக்கஞ்சேரி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். குதிரான் சுரங்கத்தில் முழித்து "இது வந்த பிறகு நேரம் மிச்சம் சார்" என்றார், அது உண்மைதான், சுரங்கம் திறப்பதற்கு முன்னால் அந்த மலை ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் நாங்கள் கழித்த பொழுதுகள் கொஞ்சமா. பிறகு பாலியேக்கரை டோல் வரைக்கும் மறுபடி தூக்கம். எங்கள் ஊரிலிருந்து போக வர 320 கிலோமீட்டருக்கு மேல், வழியில் எங்காவது பாலமோ ரோடோ வேலை நடந்துகொண்டேயிருக்கும், போக மூன்றரை மணி நேரம், வர நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழெட்டு மணி நேரமும் கைடுக்கும் சேர்த்துத்தான் நாம் கூலி கொடுக்கிறோம். தூங்குகிற கைடுக்கு.

சரி, ஊருக்குள் வந்த பிறகாவது? சீன வலைகளுக்கு முன்னால் நின்று, சீனச் சக்கரவர்த்தி குப்ளாய் கான் அரண்மனையிலிருந்து வந்த வணிகர்கள் கொடுத்தது என்று மனப்பாடமாகச் சொன்னார். அப்படி ஒரு கதை இருக்கிறதுதான். போர்ச்சுகீசியர்கள் சீனக் கரையிலிருக்கிற மக்காவ் என்ற ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று இன்னொரு கதையும் இருக்கிறது. என் மகள் எங்கேயோ படித்துவிட்டு அதைக் கேட்டாள், "அதெல்லாம் இல்ல பாப்பா" என்று முடித்துவிட்டார். இரண்டு கதை இருக்கிறது என்று சொல்கிற கைடுதான் எனக்குக் கைடு. அப்புறம் வலைக்காரர்கள் மாமனாரைக் கூப்பிட்டுக் கயிறு இழுக்கச் சொன்னார்கள், அவரும் உற்சாகமாக இழுத்தார், கல் கட்டிய அந்தப் பெரிய மரச்சட்டம் தண்ணீரிலிருந்து எழும்பி வருவது உண்மையிலேயே பார்க்கத் தக்கதுதான், இழுத்து முடித்ததும் நூறு ரூபாய் கேட்டார்கள். கைடு முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாலை நாலு மணிக்கே டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், ராத்திரி பேட்டா கணக்கு அவருக்கு. சாந்தா குரூஸ் பேராலயத்தை வண்டியிலிருந்தபடியே பார்த்தோம்.

ஆனால் அந்த நாளில் மாமியாருக்கு முழங்கால் வலி வரவில்லை. போகிற இடத்திலெல்லாம் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கைடுக்குத் தெரிந்திருந்தது. இதைச் சிரிக்காமல் படியுங்கள், அறுபது தாண்டிய பெண்கள் வெளியூர் போனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது எதனால் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். காசு கொடுத்ததில் அந்த ஒன்று மட்டும் முழுசாகத் திரும்பி வந்தது.

நாலாவது தடவை போன வருஷம், அம்மாவோடும் அக்காவோடும் மகளோடும். இந்தத் தடவை காரையும் கைடையும் பிரித்துவிட்டேன். எங்கள் காரிலேயே போனோம். தெரிந்த டிரைவர் தம்பி ஒருவரைக் கூட்டிக்கொண்டோம், ஏனென்றால் ராத்திரி குதிரான் வழியாக நான் ஓட்டினால் அம்மா தூங்கமாட்டார். கைடை மட்டாஞ்சேரிக்காரராகவே பிடித்து, மூன்று மணி நேரத்துக்கு மட்டும், 1,500 ரூபாய் பேசி, பத்து மணிக்கு அரண்மனை வாசலில் நிற்கச் சொன்னேன். அறுபதை நெருங்குகிற ஒரு சேட்டன். மலையாளம்தான் பேசினார், எங்களைப் பார்த்ததும் நடுநடுவே தமிழ் போட்டார். நம் பக்கத்து ஆட்களுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை, அம்மாவுக்கு மலையாளம் கேட்டால் புரியும், பேசும்போது மட்டும் தமிழ் வரும்.

அரண்மனைக்குள் நுழைவதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்டார். சித்தூர் தாலுகா என்றோம். "அப்போ நீங்க சொந்த ராஜா வீட்டுக்கல்லோ வந்திருக்கீங்க!" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பாலக்காடு பிரிட்டிஷ் மலபாரில் இருந்தது, சென்னை மாகாணம். ஆனால் ஒட்டியிருக்கிற சித்தூர் தாலுகா 1949 வரை கொச்சி ராஜ்ஜியம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி, 1956இல்தான் எல்லாம் சேர்ந்து கேரளம். நாற்பத்தெட்டு வயதுவரை அங்கேயே வாழ்கிற எனக்கு, நூற்றறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இந்த ஓட்டு வீட்டுக்காரருக்குத்தான் என் தாத்தா வரி கட்டினார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மதுரைக்காரருக்கு அந்தக் கைடு இதைச் சொல்லியிருக்க மாட்டார், சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆள் பார்த்துக் கதை சொல்வதற்குத்தான் தனிக் கைடு. பஸ்ஸில் நாற்பது பேருக்கு மைக்கில் சொல்கிறவரால் அது முடியாது.

டச்சு அரண்மனை என்று பெயர், கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1555 வாக்கில் கட்டி ராஜா வீரகேரள வர்மாவுக்குக் கொடுத்தது, டச்சுக்காரர்கள் பின்னால் பழுது பார்த்தார்கள், பேரை அவர்கள் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே பார்த்தால் வெள்ளையடித்த பெரிய வீடு, அவ்வளவுதான். உள்ளே நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த நாலுகெட்டு முற்றம், முற்றத்தில் பழையனூர் பகவதி கோயில். படுக்கையறைச் சுவர் முழுக்க ராமாயணம். தசரதன் யாகத்தில் தொடங்கி அயோத்தி திரும்புவது வரை, இடம் விடாமல், காவியும் பச்சையும் மஞ்சளும். தனியாகப் போனால் அது ஒரே கூட்டமாகத்தான் தெரியும், எங்கே ஒரு காட்சி முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பது பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. சேட்டன் சுவரைத் தொடாமல் விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார், "அம்மே, இவிடெ தொடங்கணும்". அம்மா அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ராமாயணத்தைத் தன் போக்கில் அவருக்கே திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கீழ் அறையில் கிருஷ்ணன் எல்லாக் கைகளாலும், போதாததற்குக் கால்விரல்களாலும், கோபிகைகளோடு விளையாடுகிற ஓவியம் ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் பாட்டியும் பக்கத்தில் நிற்க, அந்தச் சுவரைச் சேட்டன் கொஞ்சம் விரசாகவே கடந்தார். அக்கா மட்டும் சிரித்தாள்.

ஜெபாலயம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். 1568இல் கட்டியது, போர்ச்சுகீசியர் நாசமாக்கி, டச்சுக்காரர் காலத்தில் திரும்ப எழுந்தது. 1760இல் கட்டிய மணிக்கூண்டின் முகங்களில் ஹீப்ரு, ரோமன், மலையாளம் என்று வேறு வேறு எண்கள். தரையில் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், கையால் தீட்டியவை, ஒன்றுபோல் ஒன்று இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். என் மகள் உட்கார்ந்து ஒரே மாதிரி இரண்டு ஓடு கிடைக்குமா என்று தேடினாள். ஆனால் நமக்கு நெருக்கமான சங்கதி வேறு: சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உரிமைகள் கொடுத்த செப்பேடு இந்தச் சமூகத்திடம்தான் இருந்தது, அது வட்டெழுத்தில், தமிழுக்கு நெருங்கிய பழைய மலையாளத்தில் எழுதியது. யூதத் தெருவில் கடை வாசலில் நின்று அதை ஒரு மலையாளி விளக்க, ஒரு தமிழச்சி தலையாட்டிக் கேட்டார். இப்போது அந்தத் தெருவில் யூதர்கள் விரல் விட்டு எண்ணக்கூட இல்லை, இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மிச்சமெல்லாம் கடைதான். சேட்டன் ஒரு கடைப் பக்கமும் எங்களைத் திருப்பவில்லை, போனிலேயே அதைச் சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு மணிக்கு அவரை அனுப்பிவிட்டோம். பணத்தை வாங்கிக்கொண்டு "வெளுத்தேடத்துக்குப் போகாமல் போகாதீங்க, அவிடெ உங்களுக்குக் கைடு வேண்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்கிற மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற டோபிகானாவைத்தான் சொன்னார். டச்சுக்காரர்கள் தங்கள் பட்டாளத்துத் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே அதே வேலை செய்கிறார்கள், வீட்டில் இன்னும் தமிழ்தான். ஆளுக்கொரு தொட்டி, ஆளுக்கொரு துவைகல். கொடியில் கிளிப் கிடையாது, இரட்டை முறுக்குக் கயிறு, முறுக்கின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள், காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. கரி போட்ட இஸ்திரிப் பெட்டி, கஞ்சி. ஆட்டோவில் வந்தபோது இதே இடத்தை நான் அஞ்சு நிமிஷத்தில் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன், படம் எடுத்துக்கொண்டு. அம்மா வந்ததும் நேராக ஒரு பெரியவர் முன்னால் போய் "கஞ்சிக்கு என்ன அரிசிங்க போடறீங்க?" என்றார். அவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க எந்தூரும்மா?" என்றார். அப்புறம் எங்களுக்கு அங்கே வேலை இல்லை. முக்கால் மணி நேரம். அவர் பேச்சில் நாங்கள் எங்கேயும் கேட்காத பழைய சொற்கள் இரண்டு மூன்று இருந்தன. எந்தக் கைடும் நடுவில் இருந்திருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது, மொழிபெயர்த்துக் கெடுத்திருப்பார்.

ஆகவே தம்பி, நீ கேட்டதற்கு வருகிறேன். அந்தப் பதிமூணாயிரம் வேண்டாம். கார் உங்களிடமே இருக்கிறது, டிரைவர் ஒருவரைப் போட்டுக்கொள், பொள்ளாச்சியில் கிடைக்க மாட்டாரா என்ன. கைடை மட்டாஞ்சேரியில், அரண்மனைக்கும் ஜெபாலயத்துக்கும் மட்டும் வைத்துக்கொள். மதியத்துக்கு மேல் கைடு வேண்டாம். தேவாலயத்தில் சுவரையும் அந்தக் கயிற்று ஓட்டையையும் நீயே சித்தப்பாவுக்குக் காட்டு, மேலே எழுதியிருக்கிறேன். சந்துக்குள் போக வேண்டியிருந்தால் காரை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு ஆட்டோ.

முழுத் தனி டூர் சரியாக வருகிற ஆட்களும் உண்டு. கார் இல்லாதவர்கள், சக்கர நாற்காலியில் ஆள் கூட்டிப்போகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு எதையும் யோசிக்காமல் ஒரு நாள் கழிய வேண்டும் என்கிறவர்கள். அப்போதும் இங்கிருந்து போடாதீர்கள். எறணாகுளம் வரை ரயிலில் போய், அங்கே ஸ்டேஷனிலிருந்து அந்த ஊர்க்காரரின் காரும் கைடும் என்று பேசுங்கள். ரோட்டில் ஓடுகிற ஏழு மணி நேரத்தின் காசு மிச்சம், கைடும் முழித்திருப்பார். சென்னையிலிருந்து வரும் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் காலையில் பாலக்காட்டைத் தொட்டு எறணாகுளம் போகும். மாலை திரும்புகிற அதே வண்டியை நம்பினால் மட்டும் சூரியன் மறைவதைப் பார்க்காமலே கிளம்ப வேண்டிவரும், பிந்திய வண்டிக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

கைடு யாராக இருந்தாலும் போனில் பேசும்போது நான் கவனிப்பது: எந்தக் கிழமை வருகிறீர்கள் என்று அவர் முதலில் கேட்கிறாரா. கேட்காமல் விலை மட்டும் பேசினால் விட்டுவிடுவேன். கடை வேண்டாம் என்றால் குரல் மாறுகிறதா என்பது இரண்டாவது. சுற்றுலாத் துறை அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், அரண்மனை மாதிரி தொல்லியல் துறை இடங்களில் அது இல்லாதவரோடு வாசலில் தகராறு வரலாம். எவ்வளவு நடக்க வேண்டும், எங்கே உட்காரலாம் என்று கேட்டால் நல்ல கைடு கோபப்பட மாட்டார், அவரே அம்மாவின் வயதைக் கேட்பார். டிசம்பர் கடைசி வாரம் மட்டும் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள், கார்னிவல் கூட்டத்தில் கைடு சொல்வது உங்கள் காதில் விழாது. ஏப்ரல் மேயில் போனால் காயல் காற்று இருக்கிறதே என்று நம்பி மதியம் நடக்காதீர்கள், அது வேர்வையைக் காய விடாது.

இதையெல்லாம் எழுதி அனுப்பிய பிறகு தம்பி நேற்று மறுபடி கூப்பிட்டான். வரும் மாதம் ஒரு வியாழக்கிழமை, டிரைவர் கிடைத்துவிட்டார், சேட்டனுக்கும் பேசியாகிவிட்டது, பத்து மணிக்கு அரண்மனை வாசல். சித்திக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறதாம். டோபிகானாவில் பட்டுப்புடவைக்குக் கஞ்சி இல்லாமல் இஸ்திரி மட்டும் போட்டுத் தருவார்களா, ஒன்று எடுத்து வரட்டுமா என்று கேட்கிறார்.